அசையாமல் நின்றவள்

வாடகைக்கு எடுத்த வீட்டின் கதவைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாடை முகத்தில் அடித்தது. சுவரெல்லாம் உப்புப் பூத்திருந்தது. அக்காக்காரி கேமராப் பெட்டியையும் டிரைபாடையும் காரிலிருந்து இறக்குவதற்குள் தங்கை எல்லா ஜன்னல்களையும் திறந்து, ஒன்றின் கொக்கியைக் கையோடு பிடுங்கிவிட்டாள்.

"அது ஏற்கெனவே அப்படித்தான் இருந்துச்சு" என்றாள், கேட்காமலே.

அவளுக்கு வீட்டில் பம்பரம் என்று பெயர். உட்கார்ந்தால் முட்டி ஆடும். நின்றால் விரல் எதையாவது தட்டும். அப்பா அம்மா போன பிறகு அக்காவுக்கு மிச்சமிருக்கிற ஒரே சொந்தம் அவள்தான். அக்கா எடுக்கும் படங்களில் நிற்பவளும் அவள்தான், அங்கேதான் தினமும் தகராறு. அக்காவுடையது பழைய பிலிம் கேமரா. லென்சுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, ஷட்டரை நாலு நிமிஷம் திறந்து வைப்பாள். அதற்குள் அலைகள் எல்லாம் கரைந்து கடல் புகைமூட்டமாகிவிடும். நகர்வது எதுவும் படத்தில் தங்காது, அசையாமல் இருப்பதுதான் தங்கும். பம்பரம் இதுவரை ஒரு படத்திலும் உருப்படியாகத் தங்கியதில்லை.

சாயங்காலம் கடலுக்குள் நீண்டு கிடந்த பழைய மரப்பாலத்துக்குப் போனார்கள். மேகம் தாழ இறங்கியிருந்தது. வெள்ளைச் சட்டையோடு பம்பரம் பாலத்தின் நுனியில் போய் நின்றாள். கேமரா கரையில் நின்றது.

"இந்த ஒரு தடவையாவது அசையாம நில்லுடி. மூச்சை மெதுவா விடு."

"மூக்கு அரிச்சா?"

"அரிக்கட்டும்."

"நீயெல்லாம் ஒரு அக்கா!"

ஷட்டர் திறந்தது. கொஞ்ச நேரத்தில் காற்று விழுந்தது. பிறகு அலைச் சத்தமும் நின்றது. அழுகிய பாசி வாடை எங்கிருந்தோ கிளம்பிவந்தது. பாலத்துக்கு அடியில், பலகையை யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. தட்டிக்கொண்டே அது நுனியை நோக்கிப் போனது.

"அக்கா... கால்ல ஏதோ..."

"பேசாத! அசையாத!"

அதன்பிறகு தங்கை அசையவே இல்லை.

அன்றிரவு குளியலறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, பிலிமைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு அக்கா படுத்தாள். ஒரே கட்டிலில் படுத்தால் பம்பரத்தின் முட்டி விலாவில் இடிக்கும். அன்று இடிக்கவில்லை. பாவம், களைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்து, அக்கா நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் நெகட்டிவை, அடியில் விளக்கெரியும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. தங்கை அப்படியே பதிந்திருந்தாள். பூதக்கண்ணாடியை வைத்தால் இமைமுடியை எண்ணலாம் போலிருந்தது. பக்கத்தில் மட்டும் ஒரு நீளமான கறுப்புக் கறை. நெகட்டிவில் கறுப்பு என்றால் படத்தில் வெள்ளை. இப்படிப்பட்ட கறைகளை அவள் பிளேடு முனையால் பதமாகச் சுரண்டி எடுத்துவிடுவாள், அதில் கைதேர்ந்தவள். கேமராவை நோக்கி நீண்டிருந்த நுனியிலிருந்து ஆரம்பித்தாள். பிலிமின் மேல்தோல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உதிர்ந்தது இனி ஒட்டாது.

கொஞ்சம் சுரண்டிவிட்டுப் பூதக்கண்ணாடியை நகர்த்தினாள்.

கறைக்குள் ஒரு முகம் இருந்தது.

அங்கும் இங்கும் ஓடியவள் களைத்துப்போய் ஒரு நொடி நின்ற இடத்தில் அது லேசாகப் பதிந்திருந்தது. வாய் திறந்திருந்தது. கத்திக்கொண்டிருந்தது.

பம்பரத்தின் முகம்.

அக்கா சுரண்டி எடுத்தது, தன்னைக் கூப்பிட்டு நீண்ட தங்கையின் இடது கையை.

பிளேடு கீழே விழுந்தது. அப்படியானால் நேற்று தன் பின்னால் நடந்து வீட்டுக்கு வந்தது யார்?

"முடிஞ்சுதா?"

கதவோரத்தில் தங்கை நின்றிருந்தாள். அதே வெள்ளைச் சட்டை. முட்டி ஆடவில்லை. விரல் எதையும் தட்டவில்லை. அக்கா எழுந்துபோய், அவள் நெஞ்சில் கையை வைத்தாள். உப்புப் பூத்த சுவரைத் தொட்டது போலிருந்தது. உள்ளே எதுவும் துடிக்கவில்லை.

அலறினால் இது போய்விடும், போனால் தங்கையைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை என்று தோன்றியது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இன்னொரு படம் எடுக்கணும். வந்து நிக்கிறியா?"

"நிக்கிறேன்."

நிற்கச் சொன்னால் அது நிற்கும். அது ஒன்றுதான் அதற்குத் தெரிந்தது.

சாயங்காலம் அதே இடத்தில் அதை நிறுத்தி ஷட்டரைத் திறந்தாள். காற்று விழுந்தது. பாசி வாடை வந்தது. தட்டும் சத்தம் அடியில் நகர ஆரம்பித்ததும், கேமராவை அப்படியே விட்டுவிட்டு அக்கா பாலத்தில் ஓடினாள். வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்த உருவத்தின் தோள்களைப் பிடித்து உலுக்கினாள்.

"ஆடுடி! அசைடி! நான் சொன்னதெல்லாம் தப்பு. ஓடி வாடி, பம்பரம்! உன்னை விட்டா எனக்கு யாருடி இருக்கா?"

அது கல்லாக நின்றது. அக்கா அதைக் கட்டிக்கொண்டு குதித்தாள், கூவினாள், பைத்தியம் மாதிரி ஆட்டினாள். கண்ணீரும் சளியும் வாயில் கரித்தன. பாலமே கிடுகிடுத்தது.

தட்டும் சத்தம் அவர்கள் காலடியில் வந்து நின்றது.

"அக்கா."

குரல் கம்மியிருந்தது.

"மூக்கு அரிக்குதுக்கா. சொறிஞ்சுக்கட்டுமா?"

அக்கா அப்படியே பலகைமேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பம்பரமும் அழுதாள். மூச்சு வாங்க, உடம்பெல்லாம் உதற, மூக்கைச் சொறிந்துகொண்டே அழுதாள். "எவ்வளவு கத்தினேன் தெரியுமா? உன் கேமரா முன்னாடியே ஓடினேன். நீ என்னைப் பாக்கவே இல்ல."

"பாத்துட்டேன்டி. பாத்துட்டேன்."

கேமராவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அங்கேயே போட்டுவிட்டுக் காரைக் கிளப்பினாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் பம்பரம் ஓயாமல் பேசினாள். முட்டி ஆடியது. வலது கை விரல்கள் கதவைத் தட்டித் தாளம் போட்டன. அக்கா தன் வாழ்நாளில் அவ்வளவு இனிமையான சத்தத்தைக் கேட்டதில்லை.

"இந்தக் கை மட்டும் மரத்துப்போச்சுக்கா. எனக்குக் கை இருக்கிற மாதிரியே இல்ல."

அக்காவுக்கு எந்தக் கை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மடியில் கிடந்த இடது கையை எடுத்தாள். சில்லென்று இருந்தது. உப்பு நெடி அடித்தது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "தேய்ச்சா சரியாயிடும்" என்று மறுகையால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அவளுடைய கைதான் சில்லிட்டது.

பம்பரம் ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தெரியாமல், அவளுடைய அந்தக் கை மெல்லத் திரும்பியது. விரல் விரலாக அக்காவின் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது.

அக்காவின் கை நடுங்கியது.

நடுக்கம் நிற்கும்வரை அந்தப் பிடி இறுகிக்கொண்டே வந்தது.