ஏழாவது பிளாக்கின் அரிய வகை

ஐப்பசி முதல் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, வழக்கம்போல், பருவப் பறவைகள் வாரியத்தின் கிடங்குக் கதவுகள் திறந்தன. முந்தைய நாள் முழுக்க மின்னேற்றம் பெற்ற இருபதாயிரம் பறவைகள் வரிசையாக வெளியே வந்தன. ஊழியர்கள் கால்களில் கட்டியிருந்த எண் சீட்டுகளைக் கழற்றியதும் அவை வடக்கே இரண்டு கிலோமீட்டர் பறந்து, திரும்பி, வடக்கிலிருந்து வந்தன. ஏழு மணிச் செய்தியில் "சைபீரிய விருந்தினர்கள் வந்துவிட்டார்கள்" என்று வாசித்தபோது செய்தியாளரின் குரல் தழுதழுத்தது. ஆண்டுதோறும் அதே சொல்லில்தான் தழுதழுக்கும்.

உயிருள்ள பறவைகள் வருவதை நிறுத்தி நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வாரியம் அதற்காகப் பருவத்தை ஒரு நாள்கூடத் தள்ளிவைத்ததில்லை.

ஏழாவது பிளாக்கில் குடியிருந்த தணிகைவேலுவுக்குப் பறவைகள்மேல் கோபமும் இல்லை, பிரியமும் இல்லை. அவருடைய கவலை மகள் துளிர். அவளை முதல் வகுப்பில் சேர்க்கவேண்டிய பள்ளி, பெற்றோரிடம் 'இயற்கை நேசச் சான்றிதழ்' கேட்டது. இந்த மாதத்துக்குள் சதுப்பு நிலத்தில் முப்பது வகைப் பறவைகளைக் கண்டு பதிவு செய்திருக்க வேண்டும். கண்ணில் பொருத்திய இனங்காட்டி வில்லை பெயரைச் சொல்லிவிடும்; எண்ணிக்கையையும் அதுவே ஏற்றிக்கொள்ளும். நின்றால் போதும். அந்த நிற்கிற வேலைக்கும் எல்லார் வீட்டிலும் ஒரு பதிலி இருந்தது. வீட்டுக்காரரின் முகத்தோடு செய்த எந்திரம். கூட்டம், துக்கம், குடியிருப்போர் சங்கம் எல்லாவற்றுக்கும் அதுதான் போய்வரும்.

தணிகைவேலுவின் பதிலிக்கு முழங்கால் போயிருந்தது.

"சீசன் சார். ஒரு மாசம் ஆகும்," என்றார் பழுதுபார்ப்பவர்.

"ஏங்க, நீங்களே போனா என்ன?" என்று கேட்டாள் மரகதம், அவர் மனைவி.

"நேர்லயா? விடுவாங்களா?"

அவள் விதிகளைப் படித்துப் பார்த்தாள். "நேர்லதான் போகணும்னே போட்டிருக்குங்க."



ஞாயிறு விடியலில் அவர் சதுப்பு நிலத்துக்குப் போனார். பார்வை மேடையில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மஃப்ளரும் தொப்பியும் இருநோக்கியுமாக, பெரிய இயற்கை ஆர்வலர்களின் தோரணை. மூன்றாம் மாடி பரமேஸ்வரியைப் பார்த்ததும் அவருக்குத் தெம்பு வந்தது.

"வணக்கம் மேடம். நீங்களும் வந்தாச்சா?"

பரமேஸ்வரி இமைக்கவில்லை. அவள் கன்னத்தில் ஒரு கொசு உட்கார்ந்தது, துளைக்க முடியாமல் எழுந்து பக்கத்துக் கன்னத்துக்குப் போனது, அங்கிருந்து அடுத்ததற்கு. நாற்பது கன்னங்களையும் முயன்றுவிட்டு அது தணிகைவேலுவிடம் வந்தது.

அவர் ஓரமாக இடம் பிடித்து நீரைப் பார்த்தார். ஊசிவால் வாத்து, ஒன்று. தட்டைவாயன், இரண்டு. பூநாரை, மூன்று. வில்லையின் மூலையில் எண் ஏறிக்கொண்டே போனது. அவர் எண்ணைப் பார்த்தார். பார்ப்பவர் பக்கம் முகத்தைத் திருப்பிக் காட்டும்படி அந்தப் பறவைகளைச் செய்திருந்தார்கள். அவர் இடப்பக்கம் நகர்ந்தால் இருபதாயிரம் அலகுகளும் இடப்பக்கம் நகர்ந்தன. கழுத்துகள் திரும்பும் சத்தம், யாரோ பெரிய புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுவதுபோல் நீரின்மேல் போனது.

இருபத்தொன்பதில் எண் நின்றபோது கொசு கடித்தது. பட்டென்று அடித்தார். தொடர்ந்து ஒரு தும்மல்.

நாற்பது தலைகள் திரும்பின.

பதிலிகளுக்கு இட்ட கட்டளை எளியது: சதுப்பு நிலத்தில் அசையும் எதையும் அடையாளம் கண்டு பதிவு செய். தம் இனத்தை அவை அலைவரிசையால் அறியும். அவற்றின் பட்டியலில் பறவை உண்டு, தவளை உண்டு, தண்ணீர்ப்பாம்புகூட உண்டு. அங்கே மனிதன் வந்து அவை பார்த்ததில்லை. பட்டியல் எழுதியவரும் பதிலியைத்தான் அனுப்பியிருந்தார்.

நாற்பது இருநோக்கிகள் அவர்மேல் குவிந்தன.

"அசையாதீங்க," என்று பரமேஸ்வரி அடுத்தவரிடம் கிசுகிசுத்தாள். "மிரண்டுடும்."

"எந்த வகை?"

"தெரியல. உச்சியில முடி இல்ல. தனியாத்தான் மேயுது."

"ஏங்க, நான் தணிகைவேலு," என்றார் அவர். "ஏழாவது பிளாக், நானூத்திரெண்டு."

"கூவுது. குறிச்சுக்குங்க."

அவர் பின்வாங்கினார். அவை ஒரு சத்தமும் இல்லாமல் எழுந்து, அவர் எடுத்துவைத்த அடிக்கு ஓர் அடியாக, அதே இடைவெளியில் வந்தன. யாரும் தொடவில்லை. தொந்தரவு செய்யக்கூடாது என்பது பறவை நோக்குவோரின் முதல் ஒழுக்கம். பிளாக் வாசல்வரை வந்து, அவர் படியேறுவதைப் பார்த்து, 'கூடு: நான்காம் தளம்' என்று குறித்துக்கொண்டு திரும்பின.

திங்களன்று வாரியம் அவர் விண்ணப்பத்தைத் தள்ளியது. இருபத்தொன்பது என்பதற்காக அல்ல.

"சார், உங்க பேரு காணப்பட்டவை பட்டியல்ல இருக்கு," என்றார் தொலைத்திரையில் தெரிந்த அலுவலர். "காணப்பட்டது கண்டவர் பட்டியல்ல வர முடியாதுங்களே."

"நான் மனுஷன் சார்."

"அதைத்தான் சார் நாங்களும் போட்டிருக்கோம். நாற்பது சாட்சி."

மரகதம் அன்று சாப்பிடவில்லை. மறுநாள், வாரியத்தின் பட்டியலைப் பார்த்துவிட்டு, பள்ளி முதல்வர் தாமே அழைத்தார். அருகிவரும் உயிரினத்தின் வாரிசு எங்கள் பள்ளியில் பயில்வது பெருமை என்றார். துளிருக்கு இடம் உறுதி, சான்றிதழ் தேவையில்லை என்றார். மரகதம் அழுதாள். பிறகு, யாரிடமும் சொல்லக்கூடாது என்று சொல்லி, பரமேஸ்வரியிடம் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு சதுப்பு நிலத்தில் கால் வைக்க இடமில்லை. நானூறு பெற்றோர், அத்தனை பேரும் நேரில். முழங்கால் சேற்றில் நின்று சொறிந்தார்கள், தும்மினார்கள், தங்கள் பெயரையும் கதவு எண்ணையும் மேடையை நோக்கிக் கத்தினார்கள். பரமேஸ்வரி கையோடு கொண்டுவந்த மிளகாய்ப்பொடியை மூக்கில் வைத்துக்கொண்டாள். அவர்களுக்குப் பின்னால் இருபதாயிரம் பறவைகள் முகத்தைக் காட்டிக்கொண்டு காத்திருந்தன. மேடைமீது அவர்களுடைய முகங்களே வரிசையாக உட்கார்ந்து, அவர்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தன.

திங்கள் மாலை பள்ளியிலிருந்து இரண்டு வரியில் கடிதம் வந்தது: அந்த இனம் தற்போது பரவலாகக் கிடைப்பதால் துளிருக்கு அளித்த இடம் ரத்து. கூடவே வாரியத்தின் திருத்திய பதிவு. மரகதம் அதை உரக்கப் படித்தாள்.

"மனிதன். சாதாரண வகை. பெருங்கூட்டமாக வரும். ஒன்று இறங்கிய இடத்தில் எல்லாம் இறங்கும். சேற்றைக் கலக்கும். பறவைகளைக் கவனிப்பதாகத் தெரியவில்லை."

 துளிர் வந்து தணிகைவேலுவின் மடியில் ஏறினாள். பள்ளி போனது அவளுக்கு இன்னும் தெரியாது.

"அப்பா, நீ நேர்லயே போய்ப் பாத்தியாமே. அந்தப் பறவையெல்லாம் எப்படி இருந்துச்சு?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். நெடுநேரம் யோசித்தார்.

"இருபத்தொன்பதும்மா," என்றார்.