பதினேழாம் புள்ளி

பிரசவ விடுப்பு முடிந்து அவளுக்குக் கிடைத்த முதல் வேலையே, இருபத்திரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை. காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாய்களுக்குள் பாதரசம் நிரப்பிய இடம். சுத்தம் செய்ய ஆட்கள் வருவதற்கு முன்னால், மண்ணில் எங்கெங்கே விஷம் இறங்கியிருக்கிறது என்று அவள் பார்த்துச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் இருபது புள்ளிகள். புள்ளிக்கு ஒரு துளை, துளைக்கு ஒரு பாட்டில் மண். அவள் கெட்டது என்று எழுதிய இடத்தைத் தோண்டி அள்ளுவார்கள். நல்லது என்று எழுதிய இடத்தின் மேல் புல் வளர்ப்பார்கள்.

வீடு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித்தான். அதற்காகவே இந்த வேலையைக் கேட்டு வாங்கியிருந்தாள். வீட்டில் நான்கு மாதப் பெண் குழந்தை. கணவனுக்கு இரவு வேலை என்பதால், பகலில் தொட்டில் கயிற்றைக் கையில் பிடித்தபடியே தூங்குவான். நான்கு மணிக்கு அவள் ஓடிப்போய், தலைக்குக் குளித்து, உடை மாற்றி, அதற்கு அப்புறம்தான் குழந்தையைத் தொடுவாள். பாதரசம் தலைமுடியிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தாள்.

துளை போடுகிறவனை எல்லோரும் ஒல்லி என்பார்கள். ஆள் நின்றால் வாசல் அடைபடும். எந்தப் புண்ணியவான் வைத்த பெயரோ தெரியாது.

மூன்றாம் நாள் மதியத்துக்குள் பத்தொன்பது புள்ளிகள் முடிந்துவிட்டன. மிச்சம் பதினேழாவது. அது பாதரசம் நிரப்பும் அறைக்குள் இருந்தது. இரும்புக் கதவு. பூட்டும் தாழ்ப்பாளும் வெளிப்பக்கம். உள்ளே ஆட்கள் வேலை செய்யும் அறைக்கு எதற்காக வெளியே தாழ்ப்பாள் என்று அவளும் யோசிக்கவில்லை. வாட்ச்மேன் சாவி தேடப் போனவர் போனவர்தான். மணி நான்கு ஆகப்போகிறது. பால் கட்டிக்கொண்டு மார்பு வலித்தது, ரவிக்கை நனைந்துவிட்டது.

"பதினாறுல சரிபாக்கன்னு ரெண்டு பாட்டில் எடுத்தோம்ல? ஒண்ணுல பதினேழுன்னு எழுதிடு," என்றாள்.

"அக்கா, வேணாங்க்கா. உள்ள போகவே இல்லையே."

"பத்தடி தள்ளித்தான இருக்கு. ஒரே மண்ணுதான். நான் சொல்றேன், எழுது."

அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் பலரும் ஒரு தடவையாவது செய்த தப்புதான். அவள் ஒரு தடவையும் செய்ததில்லை. அன்றைக்குச் செய்தாள்.

ஒல்லி எண்ணை எழுதி மூடியைத் திருகியபோது, கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டினார்கள். அவசரமே இல்லாமல், மூன்று முறை.

"எலியா இருக்கும்," என்றான் ஒல்லி. சொல்லிவிட்டு அவளுக்கு முன்னால் வெளியே போய்விட்டான்.

கதவடியிலிருந்து புளித்த பால் வாடை வந்தது. தன் ரவிக்கைதான் என்று நினைத்துக்கொண்டு அவளும் அரக்கப் பரக்க ஓடினாள்.

அடுத்த வாரம் முழுக்கத் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுத்து வேலை. வீடு திரும்ப ஏழு மணி ஆனது. அவள் வாசலில் நுழையும்போதே கணவன் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவான். குழந்தைக்கு எடுத்து வைத்துப் போகிற பால் அப்படியே மிச்சம் இருந்தது. குழந்தை அவளிடமும் சரியாகக் குடிக்கவில்லை. பல் முளைக்கிறதோ என்னவோ என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூடத்திலிருந்து தோழி கூப்பிட்டாள்.

"பதினாறு சுத்தமா இருக்குடி. ஆனா இந்தப் பதினேழு இருக்கே, நான் இவ்வளவு பாதரசத்தை வாழ்க்கையிலேயே பாத்ததில்ல."

"ரெண்டும் ஒரே..." என்று ஆரம்பித்து அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு. மண்ணுக்குள்ள தலைமுடி இருந்துச்சு. நீள நீளமா, பொம்பளைங்க முடி. ஏழெட்டு பேரோடது மாதிரி. எல்லாம் ஈரமா இருந்துச்சுடி."

செய்த தப்பை யாரிடம் சொல்வது? மேலதிகாரியிடம் மறுபடி மண் எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுநாள் ஒல்லியை இழுத்துக்கொண்டு போனாள்.

இந்த முறை வாட்ச்மேன் சாவியோடு வாசலிலேயே நின்றார். ஆனால் கொடுக்க மனம் வரவில்லை.

"ஐயா, இந்தக் கதவுக்கு ஏன் வெளிய தாழ்ப்பாள்?"

அவர் தரையைப் பார்த்தார். "உள்ள ஏழு பொண்ணுங்க வேலை பாத்தாங்கம்மா. ஏழு பேருக்கும் கைக்குழந்தை. நாலு மணியானா பால் குடுக்கணும்னு வீட்டுக்கு ஓடிருவாங்க. வேலை நிக்குதுன்னு மேஸ்திரி தாழ் போடச் சொன்னாரு." சாவியைக் கைக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான்தான் போட்டேன். அன்னைக்கு உள்ள பாதரச உலை வெடிச்சிருச்சு. தட்டினாங்க. வழக்கமா நாலு மணிக்குத் தட்டுறதுதானேன்னு விட்டுட்டேன்."

"இப்பவும்..."

"தினமும் நாலு மணிக்குத் தட்டுவாங்கம்மா. அது தெரிஞ்சுதான் அன்னைக்கு நான் சாவி கொண்டு வரல." நிமிர்ந்து பார்த்தார். "ஆனா நீங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து சத்தமே இல்ல."

கதவு சுலபமாகத் திறந்தது.

உள்ளே ஏழு முக்காலிகள் வரிசையாக இருந்தன. கரி படிந்த சுவர். உடைந்த கண்ணாடிக் குழாய்கள் காலடியில் நொறுங்கின. பாதரச மீட்டரை இயக்கி மூலைமூலையாகக் காட்டினாள். முள் அசையவில்லை. ஒல்லி துளை போட்டான். வந்த மண் பொலபொலவென்று, விதை போடலாம் போல இருந்தது. அதிலும் முள் அசையவில்லை.

"அக்கா," என்றான் ஒல்லி மெதுவாக, "இங்க ஒண்ணுமே இல்லக்கா."

இத்தனை வருடம் பாதரசம் ஊறிய தரை. அது தானாக எங்கும் போகாது. யாராவது எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அவள் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். பூட்டிய அறையின் எண்ணை ஒரு பாட்டிலில் எழுதச் சொல்லி, வாசலைத் தாண்டி, பால் கொடுக்க ஓடுகிற ஒரு தாயின் பையில் வைத்து.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

நான்கு மணி பத்து நிமிடம்.

எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. பஸ்ஸுக்கு நிற்கவில்லை. வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது கணவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான்.

"என்ன, மறுபடி வந்துட்ட? எதையாவது மறந்துட்டியா?"

"மறுபடியா?"

"இப்பத்தான பால் குடுத்துட்டுப் போன."

"ஏங்க, எத்தனை நாளா?"

"இதென்ன கேள்வி? தினமும்தான் நாலு மணிக்கு வர்ற. நான் அரைத் தூக்கத்துல இருப்பேன், பேச்சுக் குடுக்க மாட்டேன். தலை ஈரத்தோட வந்து உக்காருவ. ஒரு நாளைக்குத் துவட்டிட்டு வரக்கூடாதா? தரையெல்லாம் சொட்டுது பாரு."

தொட்டிலைச் சுற்றித் தரையில் துளித்துளியாக ஈரம். தண்ணீர் என்றுதான் அவன் நினைத்திருக்கிறான். அவள் குனிந்து ஒன்றைத் தொட்டாள். அது விரலில் ஒட்டாமல், வெள்ளிக் குண்டுமணியாக உருண்டு ஓடியது.

குழந்தை வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரி. ரத்தத்தில் பாதரசம் ஏகத்துக்கும் ஏறியிருந்தது. வீடு மாறினார்கள். அவள் வேலையை விட்டாள். டாக்டர், தாய்ப்பாலை நிறுத்திப் பார்க்கச் சொன்னார்.

"நிறுத்தி மூணு வாரமாச்சு, டாக்டர்."

அவர் காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நிறுத்தின மாதிரி தெரியலையேம்மா. ஏறிக்கிட்டேதான இருக்கு."

அன்று முதல் அவள் நான்கு மணிக்கு முன்பே கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, குழந்தையை மடியில் போட்டு இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தன் உடம்பை விட்டு இறக்கினால்தானே ஆபத்து என்று நினைத்தாள். பாவம், அவளுக்கு வேறென்ன தோன்றும்?

முதல் நாள் நான்கு மணிக்குக் குழந்தை அவளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. காற்றைப் பார்த்துச் சிரித்தது. வாயைத் திறந்து எதையோ கவ்விக்கொண்டது.

மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் கேட்டது.

அவள் கையால் அதன் வாயை மூடினாள். கை நனைந்தது.

"விட்டுடுங்கம்மா," என்று அழுதாள். "உங்க குழந்தை இல்லம்மா இது."

குழந்தை குடித்து முடித்தது, கொஞ்சம் மூச்சு வாங்கியது. பிறகு, அடுத்தவளுக்காகத் தலையை மறுபக்கம் திருப்பி வாயைத் திறந்தது.