எலிக்கு ஒத்த மனிதர்கள்

காலை ஏழு மணிக்கு மதுரையின் எல்லா வீடுகளிலும் கூரைவிளக்குகள் ஒரே நொடியில் எரிந்தன. தட்டில் விழுந்த நான்கு பழுப்பு உருண்டைகளை நல்லபெருமாள் பயபக்தியோடு மென்றார். அவர் ஒப்புமை ஆய்வாளர். தெருவில் எவராவது அப்பளம் பொரித்தால் மோப்பம் பிடித்துப் புகார் எழுதுவது அவர் உத்தியோகம். அதில் அவருக்கு அலுப்பே வந்ததில்லை.

ஒரு காலத்தில், ஆய்வகத்தில் எலியைப் பிழைக்கவைத்த மருந்துகள் மனிதர்களிடம் வந்ததும் பல்லிளித்தன. மேதைகள் கூடி யோசித்தார்கள். எலியை மனிதனைப் போலாக்குவது கடினம், மனிதனை எலியைப் போலாக்குவது சுலபம் என்று கண்டுபிடித்தார்கள். 'தரஎலி' என்று ஒரே வம்சத்தை வளர்த்தார்கள். அதற்கு விதித்த தீனியைத் தின்று, அதே வெளிச்சத்தில், அதே இருபத்திரண்டு டிகிரியில் வாழ்பவருக்கு மட்டுமே மருந்து என்று சட்டம் வந்தது. ஊறுகாயை நக்கியவன் சாகலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

நல்லபெருமாளின் மனைவி செண்பகவல்லி ஒன்பது ஆண்டுகளாக உருண்டையைத் தவிர எதையும் தொட்டதில்லை. ஆனாலும் சிறுநீரக மருந்து அவளிடம் வேலை செய்யவில்லை. கால்கள் வீங்கிக்கொண்டே போயின.

"ஒளிச்சு வச்சு எதையாவது தின்றியா?" என்றார் அந்தப் புண்ணியவான்.

"அடுப்பையே இடிச்சுப் போட்டீங்க. எதைத் திங்க?"

அவமானம் தாங்காமல், வித்தியாசம் எங்கே என்று பார்க்க அவர் தரஎலிகள் வளரும் எலியகத்துக்கே போனார். பராமரிப்பாளர் பிலோமினா ஒவ்வொரு கூண்டாகப் பொட்டுக்கடலை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"அந்த உருண்டைய மட்டும் தின்னா, மருந்து குடுத்தாலும் ஒண்ணும் பொழைக்கல சார். பாவமா இருந்துச்சு. வேலைக்கு வந்த புதுசுலருந்தே போடுறேன். பன்னெண்டு வருசம்."

மேதைகளின் மருத்துவ அறிவியல் முழுவதும் பொட்டுக்கடலையின் மீது நின்றுகொண்டிருந்தது. நல்லபெருமாளுக்கு முதலில் தலை சுற்றியது, பிறகு கண் கலங்கியது. மனைவி பிழைத்துவிடுவாள்! ஓடிப்போய் அறிக்கை எழுதினார். மக்களின் உணவிலும் பொட்டுக்கடலையைச் சேர்க்கவேண்டும் என்று பணிவோடு பரிந்துரைத்தார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் செண்பகவல்லி கேட்டாள்: "ஒரு கை அள்ளிட்டு வந்திருக்கலாமே?"

"உத்தரவு வரட்டும்."

விதியை மீறி மனைவியைக் காப்பாற்ற அந்த மனிதருக்கு எங்கிருந்து துணிச்சல் வரும்? அவள் படுத்த படுக்கையானாள். அவர் காத்திருந்தார்.

ஏழாவது வாரம் துறை இயக்குநர் கோதண்டபாணி அழைத்தார். "பிரமாதமான வேலை, நல்லபெருமாள்! கடலை போட்ட அந்தம்மாவை அன்னைக்கே நீக்கிட்டோம். எலிங்களுக்குக் கடலையை நிறுத்தியாச்சு."

"மக்களுக்கு, ஐயா?"

"மக்கள்கிட்ட என்ன தப்பு இருக்கு? தப்பு எலிங்ககிட்டதான் இருந்துச்சு. இப்போ பாருங்க, மருந்து குடுத்தா எலியும் சாகுது, மனுஷனும் சாகுறான். சரித்திரத்துலயே முதல் முறையா முழு ஒப்புமை!"

"நன்றி, ஐயா" என்றார் நல்லபெருமாள். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

வீட்டில் செண்பகவல்லி கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"உத்தரவு வந்துருச்சா?"

"வந்துருச்சு."

அவள் சுவரைப் பிடித்து மெல்ல எழுந்து உட்கார்ந்து, வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள்.