இடுப்பு மட்டும்தான் மரத்திருந்தது!

“டாக்டர்ர்ர்...!”

மூணாறுக்குப் பக்கத்தில், சித்திரபுரம் மலைச்சரிவில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியே அதிர்ந்தது.

அலறியவள் யோகப்பிரியா. வயது முப்பத்தாறு. பெருமாட்டியில் பன்னிரண்டு ஏக்கர் தென்னந்தோப்புக்குச் சொந்தக்காரி. அன்று காலையில்தான் அவளுடைய இடுப்பைச் சுற்றியிருந்த கொழுப்பை உறிஞ்சி எடுத்திருந்தார்கள்.

லைபோசக்‌ஷன்!

முழு மயக்கம் கிடையாது. இடுப்பை மட்டும் மரக்கச் செய்யும் ஊசி. கண்ணைத் திறந்துகொண்டே, டாக்டரோடு தேங்காய் விலை பேசிக்கொண்டே ஆபரேஷனை முடித்திருந்தாள்.

இப்போது மாலை நான்கு மணி.

டாக்டர் எப்சிபா ஓடி வந்தாள். மூணாறு எஸ்டேட்டில் பிறந்து, டாக்டராகி, மலையை விட்டு இறங்க மறுத்தவள்.

“என்னம்மா செய்யுது?”

“வாயில இரும்பு ருசிக்குதுங்க. ஒதடு சுறுசுறுங்குது... காதுக்குள்ள வண்டு கத்துது!”

எப்சிபாவின் முகம் மாறியது.

“வினோ! அந்த வெள்ளை பாட்டில்... ஓடு!”

நர்ஸ் வினோ பறந்தாள். பால் போன்ற ஒரு திரவம் யோகப்பிரியாவின் நரம்பில் இறங்கத் தொடங்கியது.

“இ... இது என்னங்க?” நாக்கு குழறியது.

“கொழுப்புக் கரைசல். மரப்பு மருந்து ரத்தத்துல கூடிப்போச்சு. அதை இது இழுத்துக்கிடும்.”

“காலைல கொழுப்ப எடுத்தீங்க... இப்ப ஏத்தறீங்க?”

“கிண்டல் பண்ண முடியுதுல்லா? அப்போ பொழைச்சுக்கிடுவீங்க!”

பிழைத்துக்கொண்டாள். அரை மணி நேரத்தில் காதுக்குள்ளிருந்த வண்டு பறந்துபோனது. எப்சிபாவின் நெற்றிச் சுருக்கம் மட்டும் போகவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“நானே உங்களை எடை போட்டு, அந்த எடைக்குத் தக்கனதான் மருந்து போட்டேன். அளவு மீறவே இல்ல. உண்மையைச் சொல்லுங்க... வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுதீங்களா?”

“இல்லீங்களே.”

“கசாயம்? சத்து மாத்திரை?”

“அட, வைட்டமின் மட்டும் ரெண்டு வாரமா முழுங்கறனுங்க. எங்க ஊட்டுக்காரர்தான் தெம்புக்குன்னு வாங்கியாந்தாரு. அதெல்லாம் ஒரு மாத்திரையாங்க?”

“அதையும்தானம்மா எழுதணும்! ஃபாரத்துல கேட்டிருந்தோமே!”

“ஃபாரம் மலையாளத்துல இருந்துச்சுங்க. நான் பொள்ளாச்சில படிச்சவ. அந்த எழுத்தப் பாத்தா எனக்கு ஜிலேபி புழிஞ்சு வெச்சாப்பல இருக்கு. அவருதான் படிச்சு எழுதுனாரு. நான் கையெழுத்து மட்டும் போட்டனுங்க.”

எப்சிபா ஃபைலைப் புரட்டினாள். ‘வேறு மருந்துகள் ஏதும் உண்டா?’ என்ற கேள்விக்கு நேராக, கொட்டை எழுத்தில் ‘இல்லை’.

“அந்த வைட்டமின் கையில இருக்கா?”

கைப்பையிலிருந்து ஒரு டப்பா வந்தது. லேபிள் இல்லாத டப்பா! எப்சிபா ஒரு கேப்சூலைத் திருகித் திறந்தாள். உள்ளே கசகசா போல வெள்ளைக் குருணை.

“லேபுக்கு அனுப்பி உறுதி பண்ணிக்கிடலாம். ஆனா பாத்தாலே தெரியுது... இது வைட்டமின் இல்ல. தோல்ல படை வந்தா குடுக்கிற மாத்திரை.”

“எனக்குத்தான் படையே இல்லீங்களே!”

“படைக்காகக் குடுக்கலம்மா. மரப்பு மருந்தை ஈரல்தான் கரைச்சு வெளியேத்தணும். இந்த மாத்திரை போய் ஈரலைக் கட்டிப்போட்டுரும்.”

யோகப்பிரியா யோசித்தாள். “மீனாட்சிபுரம் செக்போஸ்ட்ட மூடிப்போட்டா லாரி பூராத் தேங்கி நிக்குமே... அப்படிங்களா?”

“அதேதான்! அதுவும் உடனே தெரியாது. பத்துப் பன்னெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் உச்சத்துக்குப் போகும். அதான் இன்னைக்கு ராத்திரி இங்கயே படுக்கணும்னு சொன்னேன். உங்க வீட்டுக்காரர்தான் சாயங்காலமே கூட்டிட்டுப் போறேன்னு ஒத்தக்கால்ல நின்னார்.”

அறையில் ஏசி கிடையாது. ஆனாலும் யோகப்பிரியாவுக்குக் குளிர்ந்தது.

காரின் பின் சீட்டில் படுத்துக்கொண்டு மலை இறங்கியிருப்பாள்... பெருமாட்டி போய்ச் சேர்வது பிணம்! ‘ஊருக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்க, மூணாறுக்கு டூர்னு சொல்லிக்கலாம்’ என்றவனும் அவன்தான். ஆபரேஷன் நடந்ததே யாருக்கும் தெரியாது. மாரடைப்பு என்றால் மாரடைப்பு!

ஆறு மாதமாக அவள் இடுப்பைக் கேலி பேசிப் பேசியே இந்தக் கட்டிலில் கொண்டுவந்து படுக்கவைத்த புருஷன். தங்கதுரை.

ஊசி இடுப்பை மட்டும்தான் மரக்க வைத்திருந்தது. நெஞ்சுக்கு யாரும் ஊசி போடவில்லை.

“டாக்டர்... நான் செத்துப்போயிட்டேன்னு அவருகிட்டச் சொல்றீங்களா?”

“என்னது?!”

“தேங்கா அழுகலா நல்லதான்னு ஒடைச்சுப் பாத்தாத்தானுங்க தெரியும்.”

எப்சிபா அவளையே பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

“டீ குடிக்கப் போனவர் வாற நேரம்தான். பத்து நிமிஷம். அதுக்கு மேல என்னால பொய் சொல்ல முடியாது.”

வெள்ளைத் துணி முகத்தை மூடியது.

கதவு திறந்தது.

“யோகூ...! என்னைய உட்டுப்போட்டுப் போயிட்டியே...!”

தங்கதுரை குலுங்கிக் குலுங்கி அழுதான். துணிக்குள் யோகப்பிரியாவுக்கு மனசு இளகியது. பாவம்... எவனோ கடைக்காரன் மாத்திரையை மாற்றிக் கொடுத்து இவரை ஏமாற்றியிருந்தால்? ஃபாரத்தில் விவரம் தெரியாமல் எழுதியிருந்தால்? எழுந்து கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட...

க்ளிக்!

தாழ்ப்பாள்.

அழுகை நின்றது. குழாயைத் திருகி மூடியது போல!

அந்த அறையில் போனுக்கு ரேஞ்ச் கிடைப்பது ஒரே இடத்தில்தான். அவள் தலைமாட்டில் இருந்த ஜன்னல். அங்கே வந்து நின்றான்.

“மாப்ளே... ஆச்சு!”

மாப்பிள்ளையா?

தங்கதுரைக்கு உலகத்தில் ஒரே ஒரு மாப்பிள்ளைதான் உண்டு. ஆறுச்சாமி. அவளுடைய கூடப்பிறந்த தம்பி! வண்டித்தாவளத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன்.

ஆனால் அவர்கள் இருவரும் பேசி மூன்று வருடம் ஆகிறதே! அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்து, பாகத்தில் இந்தத் தோப்பு அவளுக்கு வந்ததிலிருந்து சண்டை. தோப்பை எழுதிக் கொடு என்று அவன் நிற்க, தரமாட்டோம் என்று இவன் நெஞ்சை நிமிர்த்த, கல்யாண வீட்டில் ஒருத்தன் பந்தியில் உட்கார்ந்தால் இன்னொருத்தன் எழுந்துவிடுவான்.

ஆறுச்சாமிக்கு வாய்க்காலின் அக்கரையில் நிற்பவனோடு பேசுகிற குரல். போனைக் காதில் வைத்தாலும் ஊருக்கே கேட்கும்.

“நெசமாவா மாமா?”

“டாக்டரே சொல்லிப்போட்டா. நீ குடுத்த மாத்திரை சும்மா சொல்லக்கூடாது மாப்ளே, நல்ல வேலை! அப்பறம்... தோப்பு?”

“கெழக்கால ஆறேக்கரா உங்களுக்கு, மேக்கால ஆறு எனக்கு. பேசுனது பேசுனதுதான்.”

“கெணறு?”

“கெணறு பொது!”

துணிக்குள் அவள் பல்லைக் கடித்தாள். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடிப்பார்களே, அந்தப் பேரம்! வெளியே முறைப்பு, உள்ளே கைகுலுக்கல். மாடு அவள்.

இந்த இருவரும் ஒன்று சேர வேண்டும் என்று மூன்று வருடமாக மாரியம்மனுக்கு விளக்குப் போட்டவளும் அவள்தான். அம்மன் கேட்டுவிட்டாள் போலிருக்கிறது!

கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்க முடியாது. பிணம் கண்ணைத் துடைக்காது.

போனை வைத்த தங்கதுரை, அவள் கையிலிருந்த வளையலைக் கழற்றத் தொடங்கினான். சிக்கியது. இழுத்தான்.

கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது!

“அது எங்கப்பன் போட்டதுங்க!”

அவன் போட்ட அலறலில் மலையணில்கள் மரம் மாறின. எப்சிபா வெளியிலிருந்து கதவைத் தட்ட, யோகப்பிரியாவே எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். தங்கதுரை சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தான்.

“போலீஸைக் கூப்பிடுதேன்” என்று எப்சிபா போனைத் தேடி எடுத்து, ரேஞ்சைத் தேடி ஜன்னலுக்கு வருவதற்குள்...

வாசலில் ஒரு போலீஸ் ஜீப்!

“நான் இன்னும் கூப்பிடவே இல்லையே...”

எஸ்.ஐ. மணிகண்டன் தொப்பியைச் சரிசெய்தபடி உள்ளே வந்தார்.

“இறந்துபோனது யாரு?”

“நான்தானுங்க” என்றாள் யோகப்பிரியா.

எஸ்.ஐ. ஒரு அடி பின்னால் போனார். எப்சிபா எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் முன்னால் வந்தார்.

“கீழ் வளைவுலதான் ரோந்துல நின்னேன். இப்பத்தான் ஸ்டேஷன் வாட்ஸ்அப்புக்கு ஒரு புகார் வந்துச்சும்மா. கைப்பட எழுதி, கையெழுத்தும் போட்டு. ‘என் அக்காவை அவள் புருஷன் தங்கதுரை படை மாத்திரை கொடுத்துக் கொன்றுவிட்டான்.’ அனுப்புனது ஆறுச்சாமி.”

“துரோகீ...!” தங்கதுரை துள்ளி எழுந்தான். “பாதிப் பாதின்னானே! கெணறு பொதுன்னானே!”

யோகப்பிரியா கணவனைப் பார்த்தாள். பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக, சொத்தைக் காயைப் பார்ப்பது போல.

“பிள்ளையில்லாத பொண்ணு செத்தா, அப்பன் விட்டுப்போன சொத்து அப்பன் ஊட்டுக்கே திரும்புமுங்க. புருசனுக்கு ஒரு ஓலைகூட வராது. எனக்கு வக்கீல் சொன்னாரு. அவனுக்கும் எவனோ சொல்லியிருக்கான். நீங்கதான் சரக்கப் பாக்காமயே வெல பேசியிருக்கீங்க!”



“தம்பிக்காரன் மட்டும் தப்பிச்சிருவான்னு நினைக்காதீங்க” என்றார் எஸ்.ஐ. போனை நீட்டினார். “தேதியைப் பாருங்க. நேத்தைய தேதி! இன்னைக்குச் சாகப்போற அக்காவுக்கு நேத்தே எழுதி வச்சிருக்கான். அவனைப் பிடிக்க வண்டித்தாவளத்துக்கு ஆள் போகும்.”

யோகப்பிரியா அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் தம்பியின் விரலைப் பிடித்து அவள் எழுதப் பழக்கிய கையெழுத்து அது.

“கேஸுக்கு இதைப் பிரிண்ட் எடுக்கணும்” என்றார் எஸ்.ஐ. தயங்கியபடி. “இறந்தவங்கன்னு உங்க பேர் இருக்கு. மனசுக்குக் கஷ்டமா இருந்தா, அதை மட்டும் அடிச்சிரலாமாம்மா?”

“அய்யோ, வேண்டாமுங்க சார்! மூணு வருசமா ‘எழுதிக் குடு, எழுதிக் குடு’ன்னு என்னைய அரிச்சவன்... இன்னிக்குத்தான் மொதத் தடவையா அவனே கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்திருக்கான். ஒரு எழுத்துக்கூட அடிக்காம வெச்சுக்குங்க!”