இரண்டு மூட்டை உப்பு

ஜீப் ஈசிஆர் ரோட்டை விட்டு இறங்கி, உப்பளத்து வரப்புப் பாதையில் குலுங்கிக் குலுங்கி வந்தபோது உச்சி வெயில். ஆட்கள் எல்லாம் சோறு தின்னக் கொட்டகைப் பக்கம் போயிருந்தார்கள். மலர்கொடி மட்டும் பாத்தியில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அங்கே தனியாக நிற்க இப்போதெல்லாம் வேறு யாருக்கும் துணிச்சல் கிடையாது.

காரணம், அந்தச் சத்தம்.

பங்குனியில் அவள் மகள் செந்தமிழைப் புதைத்த சில நாட்களில் அது ஆரம்பித்தது. சூரியன் தலைக்கு நேரே வந்து, அவரவர் நிழல் அவரவர் காலடியில் சுருண்டு, நாலா பக்கமும் வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தும் நேரம். காற்று நின்றுவிடும். அப்போது முதுகுக்குப் பின்னால், காய்ந்த உப்பை யாரோ மிதிக்கும் சத்தம்.

நறுக்.

கொஞ்சம் பொறுத்து, இன்னும் கிட்டத்தில், மறுபடியும். கூடவே மாங்காயை அப்போதுதான் கடித்த மாதிரி புளிப்பு வாசனை வரும். கண்ணுக்கெட்டிய தூரம் அங்கே ஒரு மரம் கிடையாது. கூட வேலை செய்யும் கொளஞ்சி முதல் தடவை அதைக் கேட்டதும் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு ஓடியவள்தான், சாயங்காலம் வரை இந்தப் பக்கமே வரவில்லை.

"சுடுகாட்டுல இருந்து வர்றப்ப நீ திரும்பிப் பாத்த இல்ல? அதான் உம் பொண்ணு உன் பின்னாலயே வந்துட்டா" என்று பிற்பாடு சொன்னாள்.

அது உண்மைதான். புதைத்துவிட்டு வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். மலர்கொடி பார்த்துவிட்டாள். எட்டு வயசுப் பிள்ளையை மண்ணுக்குள் வைத்துவிட்டு நேரே பார்த்து நடந்து போ என்றால் எந்தத் தாயால் முடியும்?

பள்ளிக்கூடம் இல்லாத நாளில் செந்தமிழ் மாங்காயோடு அம்மாவைத் தேடி வருவாள். குவியலில் இருந்து புது உப்பைக் கிள்ளி, தொட்டுத் தொட்டுத் தின்பாள். அன்றைக்கும் அப்படித்தான் வீட்டிலிருந்து கிளம்பினாள். சாயங்காலம் ஒரு பாத்தியில் குப்புறக் கிடந்தாள். கணுக்கால் நனையும் தண்ணீர், அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் சிவப்பிரகாசம் வந்து பார்த்து, வழுக்கி விழுந்து மூழ்கிவிட்டது என்று முடித்துவிட்டார். கழுத்தில் நீலம் பாரித்த விரல் தடத்தை மலர்கொடி காட்டினாள்.

"உப்புத் தண்ணி அரிச்சிருக்கும்மா" என்றார்.

முதலாளி மகன் சதீஷ் எப்போதும் கிடக்கிற மோட்டார் ரூமுக்குள் ஓடிப்போய், பாதி கடித்த மாங்காய் ஒன்றை எடுத்துவந்து காட்டினாள். செந்தமிழுக்கு மேல்பல் முன்னால் இரண்டும் விழுந்திருந்தன. அவள் எதைக் கடித்தாலும் நடுவில் சின்னதாக ஒரு மேடு மிச்சம் நிற்கும். அந்த மாங்காயிலும் நின்றது. சிவப்பிரகாசம் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தூர விட்டெறிந்தார்.

அதோடு விட்டாரா? போஸ்ட்மார்ட்டம் என்று போனால் பிள்ளையைக் கூறு போட்டுவிடுவார்கள் என்று பயமுறுத்தி, அன்றைக்கு ராத்திரியே புதைக்க வைத்தார். "ரெண்டு மூட்டை உப்பு கொட்டுங்கப்பா, சீக்கிரம் மக்கிடும்" என்று பக்கத்தில் நின்று வேலை வாங்கினார். சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலகாலமாக மீனை உப்பில் போட்டுக் கருவாடாக்கித் தின்கிற ஊர் அது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கொளஞ்சிதான் முதல் மூட்டையைப் பிரித்தாள். தலையிலிருந்து கால்வரை ஒரு இடம் விடாமல், பார்த்துப் பார்த்துக் கொட்டினாள்.

பாண்டிச்சேரியில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்து, ஐந்து மாசம் நடையாய் நடந்து, குழியைத் தோண்டிப் பார்க்கக் கோர்ட்டு உத்தரவு வாங்கியிருந்தாள் மலர்கொடி. நாளைக்குத் தோண்டப் போகிறார்கள். ஜீப் வந்ததன் காரணம் அதுதான்.

சிவப்பிரகாசம் தனியாகத்தான் வந்திருந்தார். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே வரப்பில் வந்து நின்றார்.

"எதுக்கும்மா செத்துப்போன புள்ளைய மறுபடி நோண்டுற? உப்பு வேற கொட்டியிருக்குது. நாலு எலும்புதான் கெடக்கும். வேணாம்னு வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. சதீஷ் தம்பி உனக்கு வீடு கட்டித் தரேன்னு சொல்லுது."

"நாலு எலும்புக்கா சார் இந்த வெயில்ல நீங்க வந்தீங்க?"

அவர் முகம் மாறியது.

"ஏய், மரியாதையா சொல்லிட்டு இருக்கேன். நாளைக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆச்சுன்னா அப்பறம் நீ எந்த அளத்துலயும் கால் வைக்க முடியாது. சோத்துக்கு என்னா பண்ணுவ?"

மலர்கொடி பதில் சொல்ல வாயெடுத்தாள். காற்று நின்றது.

நறுக்.

சிவப்பிரகாசம் சட்டென்று திரும்பினார். வெள்ளை. எல்லாப் பக்கமும் வெறும் வெள்ளை.

"யாரு அது? யாரைக் கூட வச்சிருக்க?"

"யாரும் இல்ல சார்."

நறுக். நறுக்.

மாங்காய் வாசனை குப்பென்று வந்தது. இத்தனை மாசமும் அந்த வாசனை வந்தால் மலர்கொடி கண்ணை இறுக மூடிக்கொள்வாள். பெற்ற பிள்ளைக்கே பயந்தாள். இன்றைக்கு ஏனோ மூடத் தோன்றவில்லை. திறந்த கண்ணோடு பார்த்தாள்.

காலையில் வாரிக் குவித்திருந்த ஈர உப்பில் ஒரு குழி விழுந்தது. குட்டிக் குதிகால். ஐந்து விரல். அதற்கு முன்னால் இன்னொன்று. யாரும் இல்லாத இடத்தில், தடம் மட்டும் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வந்தது.

அவளைத் தாண்டிப் போனது.

அவரைப் பார்த்துப் போனது.

"எம் பொண்ணு சார்" என்று மலர்கொடி கிசுகிசுத்தாள். "இந்த நேரத்துக்குத்தான் வருவா."

சிவப்பிரகாசம் தன் காக்கிக் கால்சட்டையைக் குனிந்து பார்த்தார். முழங்காலுக்கு மேலே, கூப்பிடுவதற்காகத் துணியைப் பிடித்து இழுக்கும் பிள்ளையின் கை உயரத்தில், வெள்ளையாக ஒரு சின்ன உள்ளங்கை. தட்டினார். தேய்த்தார். அது போகவில்லை. வரப்பில் தடுக்கி விழுந்து எழுந்து, தொப்பியைக்கூட எடுக்காமல் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போனார்.

மலர்கொடி அந்தத் தொப்பியை எடுத்து வரப்போரமாக வைத்தாள்.

மறுநாள் தாசில்தார் வந்தார், டாக்டர்கள் வந்தார்கள், வெளியூரிலிருந்து பெரிய போலீஸ் அதிகாரி ஒருவரும் வந்தார். சிவப்பிரகாசமும் ஓரமாக நின்றிருந்தார். ஊரே திரண்டு சுடுகாட்டு மணல்மேட்டில் நின்றது. தோண்டும்போது பெற்றவள் பார்க்கக் கூடாது என்று யாரோ முனகினார்கள். மலர்கொடி குழிக்கு முதல் ஆளாய்ப் போய் நின்றாள். மணலைத் தள்ளியதும் மண்வெட்டி ணங்கென்று நின்றது. உப்பு பாறையாக இறுகியிருந்தது. கடப்பாரையால் ஓரத்தை நெம்பி, பாளம் பாளமாகப் பெயர்த்து எடுத்தார்கள்.

செந்தமிழ் படுத்திருந்தாள்.

கொஞ்சம் சுருங்கி, கறுத்து, ஆனால் செந்தமிழாகவே படுத்திருந்தாள். ரெட்டை ஜடையில் சிவப்பு ரிப்பன் அப்படியே இருந்தது. டாக்டர் உள்ளே இறங்கிக் குனிந்து கழுத்தை வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, "கழுத்தை நெரிச்சிருக்காங்க. தடம் தெளிவா இருக்குது" என்றார்.

பெரிய அதிகாரி மெதுவாகத் திரும்பிச் சிவப்பிரகாசத்தைப் பார்த்தார்.

"சார், அது... உப்பு போட்டா மக்கிடும்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நீங்கதான சார் கொட்டச் சொன்னீங்க" என்றாள் மலர்கொடி. ஊர் மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "ரெண்டு மூட்டை."

டாக்டர்கள் வேலை முடித்து, பிள்ளையை மறுபடி உள்ளே வைத்து மூடியபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சதீஷைப் பிடித்துவர ஒரு வண்டி புறப்பட்டது. சிவப்பிரகாசத்தை உடனே ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார். கொளஞ்சி வந்து மலர்கொடியின் தோளை அணைத்துக்கொண்டாள்.

"வா போலாம். இந்தத் தடவையாச்சும் திரும்பிப் பாக்காத. புள்ள போய்ச் சேரட்டும்."

மலர்கொடி நடந்தாள். மேட்டை விட்டு இறங்கும் இடத்தில் நின்றாள்.

திரும்பினாள்.

கொளஞ்சி பதறிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். மலர்கொடி உதறிவிட்டு, சாப்பிடக் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டாள்.

"செந்தமிழு! எந்திரிச்சு வாடி. இப்பவே போயிடாத. தீர்ப்பு வர்ற வரைக்கும் இரு. அம்மா கூட வேணாம், அந்த சார் கூட போ. இனிமே உன்னை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது கண்ணு. பயப்படாம போ."

ஜீப்பின் கதவில் கை வைத்திருந்த சிவப்பிரகாசம் அசையாமல் நின்றார். பிறகு மெல்லக் கதவைத் திறந்தார். டிரைவர் சீட்டில் ஒரு மாங்காய் இருந்தது. ஆவணி மாசம், ஊரில் எந்த மரத்திலும் பிஞ்சுகூடக் கிடையாது. அதன் காம்பில் இன்னும் பால் வடிந்துகொண்டிருந்தது. பாதி கடித்திருந்தது. கடித்த இடத்தின் நடுவில் சின்னதாக ஒரு மேடு நின்றது.

அவர் கதவை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். திரும்பி, மணலில் கால் புதையப் புதைய ரோட்டைப் பார்த்து நடந்தார். நடையை எட்டிப் போட்டார். தார் ரோட்டில் ஏறியும் நிற்கவில்லை.

மலர்கொடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் இன்று சத்தமே இல்லை.

தூரத்தில், உப்பே இல்லாத தார் ரோட்டில், அவருக்குப் பின்னால் கேட்டது.

நறுக்.