உபரி வரிப் பாலம்

காலை ஒன்பது மணி. பொறியாளர் தன் அறையைத் திறந்து காவலாளியைக் கூப்பிட்டார். மேஜை காலி. மாதிரிப் பாலம் அங்கே இல்லை.

பதினொரு மணிக்குச் சட்டசபையில் வாக்கெடுப்பு. அந்த ஆண்டு வரி எதிர்பார்த்ததைவிட அதிகமாக வசூலாகியிருந்தது. உபரியை மாநில அரசே வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் பாலம் கட்டலாமா, மக்களுக்குத் திருப்பித் தருவதா என்பது கேள்வி. மாதிரியைக் காட்டினால் சபை இளகும் என்று பொறியாளர் நம்பியிருந்தார். இளகாவிட்டால் இன்னும் பல வருடம் படகுதான்.

ஒன்பதரைக்குக் காவல்துறைப் பெண் ஆய்வாளர் வந்தார்.

"யார் மேல சந்தேகம்?"

"என் மச்சான்தான். திருப்பிக் கொடுக்கச் சொல்ற உறுப்பினர். நேத்து சாயங்காலம் இங்க வந்தாரு."

மச்சான் வரவழைக்கப்பட்டார்.

"எடுத்தீங்களா?"

"பணத்தைத் திருப்பிக் கொடுங்கன்னு வாயால கேட்டேன் மேடம். கையால எதையும் எடுக்கல. பாலம் அழகாத்தான் இருந்துச்சு."

"ஆனா ஓட்டு போட மாட்டீங்க," என்றார் பொறியாளர்.

"அது கட்சி, மாப்ள. இது குடும்பம்."

ஆய்வாளர் அறையைச் சுற்றி வந்தார். பூட்டு உடையவில்லை. ஜன்னலில் கம்பி. தரையில் ஒரு திருகாணி, தலை நசுங்காமல். கதவு நிலையில் நீலச் சாயம், இரண்டு பக்கமும்.

"மாதிரியில நீலம் எது?"

"ஆறு. மேஜை நிறைய ஆறு. நடுவுல பாலம், ஆள் உயரத் தூண்களோட."

"எங்க செஞ்சீங்க?"

"இங்கேயேதான்."

ஆய்வாளர் நிலையின் இரு பக்கமும் கை வைத்தார். விரித்த கைகளை மடக்காமல் மேஜைக்கு வந்தார். மேஜை கைகளைத் தாண்டி நின்றது.

"படுக்கவெச்சா ஆறு இடிக்கும். சாய்ச்சா தூண் இடிக்கும். முழுசா வெளிய போகவே முடியாது."

"அப்ப ஒடச்சு எடுத்திருப்பாங்க."

"திருடன் ஒடைப்பான். செஞ்சவர்தான் திருகாணியைக் கழட்டுவார். பீரோவைத் திறங்க சார்."

உள்ளே தூண்கள். நான்கு பலகைகளாக ஆறு.

பொறியாளர் தலைகுனிந்தார். "மச்சான் போனப்புறம் நகர்த்திப் பாத்தேன். நிலையில மாட்டிக்கிச்சு. கதவை அளக்காதவனா ஆத்தை அளந்தான்னு சபையே சிரிக்கும். திருட்டுப் போச்சுன்னா வாக்கெடுப்பைத் தள்ளிவெப்பாங்கன்னு..."

"கழட்டினதைச் சபையில போய் மாட்டியிருக்கலாமே?"

பொறியாளர் யோசித்தார்.

"தோணல மேடம்."

மச்சான் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு ஒரு தூணைத் தோளில் வைத்தார்.

"வாங்க மாப்ள. தங்கச்சி முகத்துக்காகச் சுமக்கிறேன். ஓட்டு மட்டும் கேக்காதீங்க."

சபையின் கண்முன் பாலம் எழுந்தது. உபரி பாலத்துக்கே என்று தீர்மானம் நிறைவேறியது. மச்சான் எதிர்த்து வாக்களித்தார். பிறகு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அது ஒருமனதாக நிறைவேறியது.

முதல் செலவு: பொறியாளர் அறைக்கு அகலமான கதவு.