பிகெனாரேயிலிருந்து ஒரு நேயர்

ரோரெசிக்கு முதலில் உறுத்தியது அந்தக் குரல் அல்ல. குரலுக்குப் பின்னால் ரேடியோ ஓடாததுதான். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு, கிரிபாஸ் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களுக்காக அவள் ரேடியோவில் நடத்தும் நிகழ்ச்சிக்குப் போன் போடுகிறவர்களில் ஒருவர்கூட வீட்டு ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேசியதில்லை. எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது. அவள் பேசியதே அவர்கள் சமையலறையிலிருந்து அவளுக்குத் திரும்பி வரும். கூடவே அரிசி கொதிக்கும் சத்தம், ஏதாவது ஒரு பிள்ளையின் அழுகை, மீன் டின்னைத் திறக்கச் சொல்லி ஓர் அதட்டல். அன்றைக்கு வந்த அழைப்பில் இதில் எதுவும் இல்லை. வெகு தூரத்தில் தண்ணீர் மட்டும் எதன்மீதோ ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ரேடியோ கேட்காதவளுக்கு இந்த நேரத்தில் அழைக்க வேண்டும் என்று எப்படித் தெரிந்தது? கேள்வி வந்த வேகத்திலேயே போய்விட்டது. ஸ்டுடியோவில் அவள் ஒருத்திதான். மைக், பாட்டு, போன், கடிகாரம் எல்லாவற்றையும் அவளே பார்க்க வேண்டும். அந்த நிலையத்தில் அதுதான் வழக்கம். ஊரில் யார் வந்து கேட்டாலும் ஒரு மணி நேரம் கொடுப்பார்கள், பொத்தான்களைக் காட்டிக்கொடுத்துவிட்டுச் சாவியைக் கையில் தந்துவிடுவார்கள். நாலு மணிக்கு டச்சுக்கார முதியவர்கள், ஐந்துக்கு இவள், ஆறுக்குச் சோமாலியப் பெண்கள். ரோரெசி முதியோர் இல்லத்தில் ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு ஏழாம் நாள் இங்கே வந்து ராணி மாதிரி உட்காருவாள். ஆறு வயது மகள் மாரேவா காலடியில் கம்பளத்தில் படுத்து வண்ணம் தீட்டுவாள். வெளியே தென்கோடிக் குளிர்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.

அழைத்தவள் வயதானவள். முறை சொன்னாள்: ரோரெசியின் அம்மா வழியில் பெரியம்மா. சும்மா சொல்லவில்லை, அந்த வழியை ஏழு தலைமுறைக்குப் பெயர் பெயராக ஒப்பித்தாள், ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. அது வெளியாளிடம் சொல்லும் விஷயமில்லை. ரோரெசிக்கே ஐந்து தலைமுறைக்கு மேல் தெரியாது. அப்புறம் கிழவி, "ஒரு புபுசி கேக்குறேன் மகளே," என்றாள். கூரைக்கு ஓலை முடையும்போது பாடுகிற பழைய பாட்டு ஒன்றை ரோரெசி தன் வாயாலேயே பாட வேண்டும், அவ்வளவுதான்.

புபுசி என்றால் உறவுக்காரர் வாய்விட்டுக் கேட்பது. கேட்டால் இல்லை என்பதே கிடையாது. படகைக் கேட்டாலும் சரி, போட்டிருக்கிற சட்டையைக் கேட்டாலும் சரி, சிரித்த முகத்தோடு கொடுத்துவிட்டு, பிறகு உள்ளே போய் எவ்வளவு வேண்டுமானாலும் முணுமுணுத்துக்கொள்ளலாம். அதிலும் ஊரிலுள்ள கிரிபாஸ்காரர் வீடுகள் இருபத்திரண்டும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது ரேடியோவில் இல்லை என்று சொன்னால், ஊரைக் காலி செய்துகொண்டு போக வேண்டியதுதான். ரோரெசி பாடினாள். பாடி முடித்தபோது அந்தப் பக்கம் தண்ணீர் சத்தம்கூட நின்றிருந்தது.

அடுத்த வாரம் ஐந்தேகாலுக்கு மறுபடி போனில் விளக்கு மின்னியது. இந்தத் தடவை தன் வீட்டையும் வாழ்த்து வரிசையில் சேர்க்கச் சொன்னாள். நிகழ்ச்சி தொடங்கும்போது அந்த இருபத்திரண்டு வீடுகளையும் அவரவர் சொந்தத் தீவின் பெயரோடு சொல்லி வாழ்த்துவது ரோரெசியின் வழக்கம். ஒரு வீட்டை விட்டுவிட்டால் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். எந்தத் தீவு என்று கேட்டாள்.

"பிகெனாரே," என்றாள் கிழவி.

ரோரெசியின் கை பாட்டுப் பொத்தான்மேலேயே நின்றுவிட்டது. பிகெனாரே என்று ஒரு தீவு இருந்தது. அவள் அம்மா சிறுமியாக இருந்தபோதே கடல் அதை முழுசாக எடுத்துக்கொண்டது; ஆள் ஒருவரும் மிஞ்சவில்லை. நீர் வடியும் நேரத்தில் படகில் போனால் வீடுகள் நின்ற கல் வரிசை மட்டும் அடியில் தெரியும். அந்தக் கல் வரிசைக்கு மேலே யாரும் படகை நிறுத்துவதில்லை. ஆனாலும் கேட்டாகிவிட்டதே. இருபத்து மூன்றாவதாக அந்தப் பெயரையும் சொன்னாள். சொல் பாதியாகத்தான் வந்தது.

சர்ச்சில் ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது இதைப் பற்றி விசாரித்தாள். எல்லாரும் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறார்கள், எல்லாருக்கும் பிடித்தும் இருந்தது. இப்போதெல்லாம் யாருக்கு இவ்வளவு சுத்தமாகப் பேச்சு வருகிறது என்று வியந்தார்கள். யார் வீட்டு விருந்தாளி என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. போதகரின் மனைவி கைரோ, "உங்க ஆளுன்னுல்ல நெனச்சோம். உன் பேரத்தானே சொல்லிக் கூப்புடுறாங்க," என்றாள். ரோரெசி பிகெனாரே என்று வாயெடுத்தாள். கைரோ சட்டென்று கேக்கை வெட்டப் போய்விட்டாள்.

மூன்றாம் வாரம் கிழவி கேட்டது உட்கார ஓர் இடம். வீட்டில் ஒரு பாய் போட்டு வைக்கச் சொன்னாள், தூரத்திலிருந்து வருவதால் கால் வலிக்கிறது என்றாள். ரோரெசி சரி என்றாள். அன்று மாலை தன்னையே திட்டிக்கொண்டு, நல்ல தாழம்பாயை முன்னறையில் விரித்தாள். காலையில் பார்த்தால் பாயின் நடுவில் ஓர் ஆள் சப்பணமிட்டு உட்காரும் அளவுக்கு ஈரம். பிள்ளை ஏதாவது செய்துவிட்டதா என்று குனிந்து முகர்ந்தாள். உப்பு. வெயிலில் காய்ந்த பவளக்கல்லின் நாற்றம். பத்து வருஷமாக அவள் மூக்கு மறந்திருந்த நாற்றம். பாயைச் சுருட்டித் தூக்கினாள், அடியில் கம்பளம் சொட்டு ஈரமில்லாமல் இருந்தது.

அதைவிட அவளைத் தூங்கவிடாமல் செய்தது, அந்த வாரம் போனை வைக்கும் முன் கிழவி பேசியது. எல்லா வீடுகளும் கேட்கத்தான் பேசினாள்.

"அடுத்த வாரம் ஒண்ணே ஒண்ணு கேப்பேன் மகளே. கடைசியா. புள்ளைக்கு இப்ப எத்தன வயசு?"

"ஆறு," என்று ரோரெசியின் வாய் சொல்லிவிட்டது.

அவர்கள் தீவுகளில் பிள்ளையைக் கேட்பது ஒன்றும் புதிதில்லை. உறவுக்காரி கேட்பாள், வளர்க்கக் கொடுப்பார்கள். அதில் யாருக்கும் குறைவு கிடையாது, கொடுத்தவளுக்குப் பெருமைதான். ரோரெசியே அப்படிக் கொடுக்கப்பட்டவள். மூன்று வயதில் படகில் ஏற்றினார்கள். கரையில் நின்ற அம்மா கையசைத்துச் சிரித்ததும், தான் தொண்டை கிழியக் கத்தியதும் இன்றைக்கும் கனவில் வரும். வளர்த்தவள் நல்லவள்தான், தங்கமானவள். இருந்தும் மாரேவா பிறந்த அன்றே ரோரெசி முடிவு செய்திருந்தாள்: யார் கேட்டாலும், எந்த முறை சொல்லிக் கேட்டாலும், இவளைத் தர மாட்டேன். புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. அவன் சரக்குக் கப்பலில் எந்தக் கடலில் இருக்கிறானோ.

புதன்கிழமை லோர்னா அவளை நிலையத்துக்குக் கூப்பிட்டாள். நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறவள் லோர்னா; பதினேழு மொழி நிகழ்ச்சிகள் ஓடும் அந்த இடத்தில் அவளுக்கு ஆங்கிலம் தவிர ஒன்றும் தெரியாது. வார்த்தை புரியாததால் சத்தத்தை மட்டும் கேட்டுக் கேட்டு அவள் காது பாம்புக் காதாகிவிட்டது. மூன்று வாரப் பதிவுகளையும் எடுத்து வைத்திருந்தாள்.

"அந்த அம்மா எங்க தங்கியிருக்காங்க? கடற்கரையிலயா?" என்று கேட்டுவிட்டுப் போட்டுக் காட்டினாள்.

முதல் வாரம், தூரத்து அலை. இரண்டாம் வாரம், ஏதோ கதவில் மோதித் திரும்பும் தண்ணீர். மூன்றாம் வாரப் பதிவில் அலையே இல்லை. நாலு சுவருக்குள் தேங்கிய தண்ணீர். அதில் யாரோ முழங்கால் ஆழத்துக்கு நடக்கும் சளக், சளக்.

"வாராவாரம் கிட்ட வருது கண்ணு," என்றாள் லோர்னா. "நீ ஏன் இப்படி வெளுத்துப் போற?"

ரோரெசி விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால், முடியாது என்று சொல்லிவிடு, தீர்ந்தது என்பாள். அவளுக்கு அது அவ்வளவு சுலபம். உடம்பு சரியில்லை, இந்த வார நிகழ்ச்சியை முன்னாடியே பதிவு செய்து வைக்கலாமா என்று மட்டும் கேட்டாள். தாராளமாக, என்றாள் லோர்னா. கம்ப்யூட்டர் தானாக ஓட்டிவிடும், ஆளே வேண்டாம்.

அந்த யோசனை வந்ததும் ரோரெசிக்கு உயிரே வந்த மாதிரி இருந்தது. பதிவு செய்த நிகழ்ச்சிக்கு யார் போன் போட முடியும்? கேட்கவே முடியாவிட்டால் மறுக்கவும் வேண்டாம். சனிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, நண்பகல் நல்ல வெளிச்சத்தில், போன் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வீடுகளை மட்டும் வாழ்த்தினாள். பாட்டுகளைப் போட்டாள். உற்சாகமாகவே பேசினாள், வாய் தன் பாட்டுக்கு ஓடியது. முடித்துவிட்டு மாரேவாவுக்கு வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிக்கொடுத்தாள்.

ஞாயிறு. நாலரைக்கே கதவுகளைப் பூட்டினாள், ஜன்னல்களைப் பூட்டினாள். குளியல்தொட்டியின் அடைப்பானைக்கூட இறுக்கி அழுத்தினாள். ரேடியோவைப் போடவே கூடாது என்று இருந்தவளுக்கு ஐந்து மணி அடித்ததும் கை நிற்கவில்லை. மாரேவாவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு போட்டாள்.

அவள் குரல். தெம்பான குரல். வீடு வீடாக வாழ்த்தியது. இருபத்திரண்டு. அதோடு நின்றது. ரோரெசி மூச்சை விட்டாள். ஒரு பாட்டு வந்தது, இன்னொரு பாட்டு வந்தது. ஹீட்டர் மெல்ல முனகியது. ஐந்தேகாலுக்கு இரண்டாவது பாட்டு முடிந்தது.

பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் மூச்சு வாங்க அவள் விட்டிருந்தது ஒரு நொடி.

நொடி நீண்டது.

சளக்.

"மகளே," என்றது கிழவியின் குரல், ரேடியோவிலிருந்து. "மாரேவாவ எனக்குக் குடு. நான் வளக்குறேன்."

ரோரெசி மாரேவாவை இன்னும் இறுக்கிக்கொண்டாள். ரேடியோவில் அமைதி. அடுத்து வந்தது அவளுடைய குரலேதான், சனிக்கிழமை மத்தியானத்துக் குரல், சிரித்துக்கொண்டே: "கேட்டவங்களுக்குக் குடுத்தாச்சு. மனசாரக் குடுத்தாச்சு. சந்தோஷமா இருங்க."

நேயர் கேட்ட பாட்டுகள் முடிந்ததும் இரண்டு வருஷமாக வாராவாரம் அவள் சொல்வது அது. யாரும் எதுவும் கேட்காத பதிவிலும் வாய் பழக்கத்தில் சொல்லித் தொலைத்திருக்கிறது. அவள் கவனிக்கவேயில்லை.

ரேடியோ அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது.

செல்போன் அதிர்ந்தது. கைரோவின் செய்தி: "பெரிய மனசு உனக்கு ரோரெசி. கர்த்தர் ஆசீர்வதிப்பார்." இன்னொன்று: "புள்ள நல்ல எடத்துல வளரும்." மூன்றாவது, நாலாவது, எல்லா வீட்டிலிருந்தும். நிலையத்துக்கு அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. காலிக் கட்டடம். ஒயர் பிடுங்கிய போன்.

"இல்ல," என்று ரேடியோவைப் பார்த்துச் சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் உறவுக்காரிக்கு அவள் சொன்ன சொல். "குடுக்கல. நான் குடுக்கல. கேக்குதா? குடுக்கல."

ரேடியோவுக்கு வாய்தான் உண்டு. அது பாடிக்கொண்டே இருந்தது. கிழவி கேட்டதைக் காதில் வாங்கியது இருபத்திரண்டு வீடு. இவள் கொடுத்ததைக் காதில் வாங்கியதும் இருபத்திரண்டு வீடு. இந்த 'இல்லை'யைக் கேட்க யாருமில்லை.

மடி லேசானது.

மாரேவா இறங்கியிருந்தாள். சாக்ஸ் கால்களோடு நடைவழிப் பக்கம் போனாள். அங்கே விளக்கு எரியவில்லை. கம்பளம் கறுத்துக்கொண்டே வந்தது, வாசல் பக்கமிருந்து, ஓர் அடி, இன்னோர் அடி. உப்பு நாற்றம். சளக்.

"மாரேவா. இங்க வா. அம்மாகிட்ட வா."

பிள்ளை திரும்பவில்லை. தலையை அண்ணாந்து, உயரமான யாரையோ பார்த்தாள். வெட்கப்பட்டுச் சிரித்தாள். எழுந்திருக்க ரோரெசியின் கால்கள் மறுத்தன.

மாரேவா இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

குதிகால் எழுந்தது. பிறகு விரல் நுனி.

தரைக்கும் அவள் கால்களுக்கும் நடுவே ஒரு முழம் இருட்டு. அந்தரத்தில், யாருடைய இடுப்பிலோ உட்காருவதற்குக் குழந்தை கால்களை அகட்டி மடக்கிக்கொண்டாள். கழுத்தைச் சாய்த்து, அங்கே இல்லாத ஒரு தோளில் கன்னத்தை வைத்தாள். கன்னத்திலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.